கீழ் பாரில் இருந்த கியர் லீவர்: அல்சூரில் ஒரு பழைய பிரெஞ்சு சைக்கிள்

வண்டி 1970-களின் கடைசியில் பிரான்ஸில் செய்த எஃகு சைக்கிள். வளைந்த ரேஸ் ஹேண்டில்பார். முன்னால் 52, 40 பற்கள் கொண்ட இரண்டு செயின் வீல். பின்னால் 14 பல்லில் தொடங்கி 28 பல்லில் முடியும் ஐந்து பல்சக்கர ஃப்ரீவீல். கியர் மாற்றும் லீவர்கள் இரண்டும் கீழ் பாரில், அதாவது ஹேண்டில் தலையிலிருந்து பெடல் அச்சுக்குச் சாய்ந்து இறங்கும் குழாயில், ஒரே கிளாம்பின் இரு பக்கமும் இருந்தன. கிளிக் கிளிக்கென்று நிற்கும் வகை இல்லை. வாஷர் உராய்வில் நிற்கும் பழைய லீவர்.

ஓட்டுபவர் பெங்களூர் அல்சூரில் குடியிருக்கும் தமிழர். பொதுத்துறை ஆலை ஒன்றில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். வலது தோள்பட்டை இறுகிப்போய், கையைக் கீழே நீட்டினால் பாதியிலேயே வலி பிடித்துக்கொள்கிறது. ஞாயிறு காலையில் பழைய மெட்ராஸ் ரோட்டைப் பிடித்து, டின் ஃபாக்டரி, கே.ஆர்.புரம் தொங்கு பாலம் வழியாக ஹொசக்கோட்டை வரை போய்வருவது அவர் வழக்கம்.

அவர் சொன்ன புகார் இரண்டு. ஏற்றத்தில் கியர் தானாக விழுகிறது. லீவரைத் தொடக் குனிந்தால் வண்டி ஆடுகிறது. தீர்வையும் அவரே யோசித்து வைத்திருந்தார். “லீவர மேல ஸ்டெம்முக்கு ஏத்திக் குடுத்துடு தம்பி, ரெண்டும் ஒரே அடியில தீந்துடும்.” ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரைச் சட்டத்தோடு இணைக்கும் தண்டு.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. முதலாவது இரும்பின் கோளாறு, இரண்டாவது கையின் சிரமம். இரும்பில் உள்ள கோளாறைக் கண்டுபிடிக்காமல் லீவரை இடம் மாற்றினால், அந்தக் கோளாறும் கூடவே புது இடத்துக்குப் போகும்.

தானாக விழும் கியர்

உராய்வு லீவர் வைத்த வண்டியில் கியர் தானாக விழுந்தால் எல்லோரும் முதலில் லீவரைத்தான் சந்தேகிப்பார்கள். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் பின் டெரெய்லரில் உள்ள ஸ்பிரிங் எந்நேரமும் வயரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. லீவரின் வாஷர்கள் பிடித்திருக்கும் வரை செயின் பெரிய பல்சக்கரத்தில் நிற்கும். பிடி தளர்ந்தால் லீவர் மெல்ல முன்னே நகரும், வயர் தளரும், செயின் சின்ன பல்சக்கரத்துக்கு இறங்கும். செயின் பெரிய பல்லில் இருக்கும்போதுதான் ஸ்பிரிங்கின் இழுவை அதிகம். அதனால்தான் பாலம் ஏறுகையில், எளிய கியர் வேண்டிய நேரத்தில் பார்த்து, இது நடக்கிறது.

பெரியவரும் அப்படித்தான் நினைத்து, லீவரின் திருகை மாதக்கணக்காக முறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். என்னிடம் வந்தபோது நல்ல தோள் உள்ளவருக்கே அந்த லீவரை அசைப்பது கஷ்டம். அப்படியும் கியர் விழுவது நிற்கவில்லை.

எது நகர்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு துண்டு மாஸ்கிங் டேப் போதும். லீவருக்கும் கிளாம்புக்கும் குறுக்கே ஒரு பென்சில் கோடு, கிளாம்புக்கும் குழாய்க்கும் குறுக்கே இன்னொரு கோடு. பெரியவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். லீவரின் கோடு அப்படியே நேராக இருந்தது. கிளாம்பின் கோடு உடைந்திருந்தது. லீவர் பிடித்த பிடியிலேயே இருக்க, கிளாம்ப் மொத்தமாகக் குழாயில் கீழே வழுக்கிக்கொண்டிருந்தது.

வயர் லீவரிலிருந்து கீழ்நோக்கிப் போவதால், அதன் இழுவை முழுவதும் கிளாம்பைக் கீழே தள்ளும் திசையில்தான் வேலை செய்கிறது. கிளாம்ப் ஒரு மி.மீ. இறங்கினால் வயர் ஒரு மி.மீ. தளர்ந்ததற்குச் சமம். டெரெய்லர் அந்தத் தளர்வைப் பெருக்கித்தான் காட்டும். வகையைப் பொறுத்து ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வரைகூட செயின் பக்கவாட்டில் நகரும். ஐந்து பல்சக்கர ஃப்ரீவீலில் இரு பல்சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 5.5 மி.மீ. தான். கிளாம்ப் இரண்டு மி.மீ. இறங்கினால் போதும், செயின் பக்கத்துப் பல்லை உரச ஆரம்பித்துவிடும். பழைய நல்ல சட்டங்கள் பலவற்றில் கிளாம்புக்குக் கீழே குழாயில் கடுகளவு ஒரு முட்டு வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அது கிளாம்பை இறங்கவிடாமல் தாங்குவதற்குத்தான். இந்தச் சட்டத்தில் அது இல்லை.

குழாயே சாட்சி சொன்னது. வெயிலில் மங்கிய நீல பெயின்ட்டின் நடுவே ஒரு பட்டை மட்டும் புதுசு போல அடர்த்தியாக இருந்தது. அதன் கீழ் விளிம்பு தலை லக்கிலிருந்து, அதாவது கீழ் பார் ஹேண்டில் தலையோடு சேரும் மூட்டிலிருந்து, 17 செ.மீ. தள்ளி இருந்தது. கிளாம்ப் பல வருஷம் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். அங்கிருந்து கீழே மெல்லிய கீறல்கள், அவை முடியும் இடத்தில் இப்போதைய கிளாம்ப். அதைக் கழற்றினால் உள்ளே சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை சுற்றியிருந்தது. எப்போதோ, எங்கோ, கிளாம்ப் லூசாக இருக்கிறதென்று யாரோ வைத்தது. ரப்பர் நசுங்கும், ஊரும். தொடர்ந்து ஒரே பக்கம் இழுக்கும் வேலையை அது தாங்காது.

ஏன் லூசாக இருந்தது என்பதற்குப் பெரியவரின் வெர்னியர் அளவுகோல் பதில் சொன்னது. குழாயை அவரே அளந்தார், 28.0. கிளாம்பின் உள்விட்டத்தையும் அளந்தார், 28.6. அளவுகோலை இரண்டு தடவை துடைத்து மறுபடி அளந்துவிட்டு, “ஏன் தம்பி, ஒரே ஸ்டாண்டர்டு கிடையாதா?” என்றார். கிடையாது. இங்கிலாந்து, இத்தாலி, ஜப்பான் எஃகு சட்டங்களில் கீழ் பார் பெரும்பாலும் ஒன்றே அரைக்கால் அங்குலம்; அதாவது 28.6 மி.மீ. பிரெஞ்சுக்காரர்கள் மெட்ரிக் அளவில் 28 மி.மீ. வைத்தார்கள். மேல் பாரும் அப்படித்தான், 25.4-க்குப் பதில் 26 மி.மீ. பெடல் மரை, ஸ்டெம், பி.பி. (பெடல் அச்சு சுழலும் கூடு) கப் எல்லாவற்றிலும் இதே விலகல் உண்டு. பழைய பிரெஞ்சு வண்டியில் கை வைக்கும் யாரும் எதையும் அளக்காமல் வாங்கக் கூடாது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். முதலில் இருந்த கிளாம்ப் எந்தக் காலத்திலோ தொலைந்து, அந்த இடத்தில் 28.6 கிளாம்ப் வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத 0.6 மி.மீ. வித்தியாசம்தான் பாலத்தின் மேல் இவரைத் திணறவைத்தது.

இதே விதி, பின் சக்கர ஹப்புக்குள்ளேயே மூன்று கியர் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் வண்டிகளிலும் உண்டு. அங்கே லீவர் ஹேண்டிலில் இருக்கும். ஆனால் அவுட்டர், அதாவது வயரின் வெளியுறை, முடிகிற கிளிப் மேல் பாரில் இருக்கும். அந்தக் கிளிப் பின்னால் நகர்ந்தால் வயர் தளரும். அவர்களின் ஏ.டபிள்யூ. ரக ஹப்பில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் நடுவே எதிலும் சேராத ஓர் இடம் இருக்கிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது அங்கே மாட்டினால் பெடல் சும்மா சுற்றிவிடும், ஆள் கீழே. கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் நிற்கும் அந்த வண்டிகளை வெளியே எடுப்பவர்கள் முதலில் அந்தக் கிளிப்பை அசைத்துப் பார்க்க வேண்டும்.

கை எப்போது இறங்குகிறது

இரண்டாவது புகாருக்கு வருவோம். பழைய வண்டிகளில் லீவர் கீழே இருந்ததற்குக் காரணம் உண்டு. கீழ் பாரில் வைத்தால் வயர் நேராக, திறந்தபடி பி.பி. கூடு வரை ஓடும். அவுட்டர் பின் சக்கரத்துக்கருகில் ஒரு சின்ன வளைவுக்கு மட்டும்தான் தேவை. வளைவு குறைந்தால் உரசலும் குறைவு, கைக்குச் செயினின் அசைவு தெளிவாகத் தெரியும். உராய்வு லீவரில் கிளிக் இல்லாததால் கைதான் கியரை உணர வேண்டும், அதற்கு இந்த நேர்வழி ரொம்ப உதவி. 1940-களின் கடைசியில் காம்பியோ கோர்சா என்ற, இத்தாலியின் காம்பக்னோலோ கம்பெனி அமைப்பில், ஓட்டிக்கொண்டே கையைப் பின் சக்கரத்தின் பக்கம் நீட்டிக் கம்பிகளைத் திருப்ப வேண்டும். அதோடு பார்த்தால் கீழ் பார் பெரிய வசதி. கிளிக் லீவர் ஷிமானோவின் எஸ்.ஐ.எஸ். மூலம் 1984-ல் வந்து பிறகு பரவலானது. பிரேக்கும் கியரும் ஒரே இடத்தில் என்பது 1990-ல்தான்.

ஆனால் அந்த லீவரை வடிவமைத்தவர்கள் நினைத்தது இருபது வயது ரேஸ்காரரை. பழைய மெட்ராஸ் ரோட்டில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே போகும் தோள் வலிக்காரர் அவர்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார். அதனால் லீவரின் இடத்தை யோசிக்கும் முன், இவர் கை எப்போது, எங்கே இறங்குகிறது என்று பார்க்க, ஒரு ஞாயிறு அவர் பின்னாலேயே ஓட்டிப் போனேன்.

முன் லீவரை (இடப்பக்கம்) அவர் அபூர்வமாகத்தான் தொட்டார். பாலத்துக்கு முன் ஒரு தடவை, இறங்கியபின் ஒரு தடவை. பின் கியருக்கான வலது லீவரை அடிக்கடி. ஒவ்வொரு தடவை வலக்கை இறங்கும்போதும் தோள் முறுக்கிக்கொள்ள, உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. முன் சக்கரமும் வலப்பக்கமே விலகியது. நம் நாட்டில் வண்டி போவது சாலையின் இடப்பக்கம். வலப்பக்கம் விலகினால் நேரே பின்னால் வரும் வண்டிகளின் பாதைக்குள்தான்.

இதோடு பிரேக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் வழக்கமாக இருப்பது போல இந்த வண்டியிலும் வலது பிரேக் முன் சக்கரத்துக்கு. வண்டியை நிஜமாக நிறுத்துவது முன் பிரேக்தான். ஹம்ப் வருகிறது, வேகத்தைக் குறைக்கும்போதே கியரையும் குறைக்க வேண்டும் என்ற நேரத்தில், முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய கை கீழே லீவரைத் தேடிக்கொண்டிருக்கிறது. கவலைப்பட வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. உயரம் அதற்கு அடுத்ததுதான்.

வேறு இடங்கள்

பெரியவர் கேட்ட ஸ்டெம். 1970-களில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தபோது வந்த வண்டிகளில் லீவரை ஸ்டெம்மில் வைப்பது நிறைய நடந்தது. குனிய வேண்டாம் என்பது உண்மை. ஆனால் கை பிரேக்கை விட்டு நகர்வது அப்படியே இருக்கும். பாலத்தில் இவர் எழுந்து நின்று மிதிப்பவர், முழங்கால் லீவரைத் தொட்டுவிட வாய்ப்புண்டு. முன்னால் சரிந்தால் வயிறும் நெஞ்சும் போய் மோதும் இடத்தில் இரண்டு உலோக முனைகள் நீட்டிக்கொண்டிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பிரெஞ்சு ஸ்டெம் 22.0 மி.மீ., கிடைக்கும் கிளாம்புகள் 22.2-க்கானவை என்பதால், இடைவெளியை நிரப்ப ஷிம் என்ற மெல்லிய தகட்டைச் சுற்றும் வேலை அங்கேயும் வரும்.

ஹேண்டில் முனையில் செருகும் பார் எண்ட் லீவர் நல்ல பொருள். கை ஹேண்டிலை விடவே வேண்டாம். தூரப் பயணம் போகிறவர்கள் இன்றும் அதை விரும்புகிறார்கள். ஆனால் இவர் வளைவின் கீழ்ப்பகுதியைப் பிடிப்பதே கிடையாது. மேல் பகுதியையும் பிரேக் லீவரின் தலையையும்தான் பிடிக்கிறார். அவருக்கு ஹேண்டில் முனை என்பது கீழ் பார் அளவுக்கே தூரம். ஹேண்டில் டேப்புக்கு அடியில் நீள அவுட்டர் ஓட்ட வேண்டும், அந்த உரசலில் உராய்வு லீவரின் நுணுக்கம் போய்விடும்.

கட்டைவிரல் லீவருக்கு 22.2 மி.மீ. நேர் ஹேண்டில் வேண்டும். ஹேண்டிலை மாற்ற அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் மனசில்லை, அந்த ஹேண்டிலின் வளைவு அந்த வண்டியின் முகம்.

மிச்சமிருந்தது லீவரைக் கீழ் பாரிலேயே வைத்து, கொஞ்சம் மேலே ஏற்றி, பின் கியரை இடது கைக்குக் கொடுப்பது. எவ்வளவு மேலே என்பதை நான் முடிவு செய்யவில்லை, அவர் கைதான் செய்தது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கிளாம்பைக் கழற்றிவிட்டு, குழாயில் டேப் ஒட்டி அளவுக் கோடுகள் போட்டேன். அவர் ஏறி உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, லீவர் இருக்கும் என்று நினைக்கும் இடத்தை இடது கையால் தொட வேண்டும். திரும்பத் திரும்பத் தொட்டதில் விரல் போய் நின்றது லக்கிலிருந்து 12 செ.மீ. பக்கத்தில். பழைய பெயின்ட் பட்டையைவிட 5 செ.மீ. மேலே. அதற்கும் மேலே ஏற்றலாம்தான், ஆனால் லீவர் முன்னால் சாய்ந்து கிடக்கும்போது அதன் நுனி ஹேண்டில் தலை வரை எட்டும், ஹேண்டிலைத் திருப்பும்போது பிரேக் வயரில் மாட்டிக்கொள்ளும்.

இங்கே பெரியவருக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். “பின் கியரு ரைட்லதான இருக்கும், அதான ஒரிஜினல்?” என்றார். பழைய பொருளின் மேல் எனக்கும் அவருக்குச் சமமான மரியாதை உண்டு. அதனால்தான் எதையும் அறுக்காமல், துளைக்காமல், பற்றவைக்காமல் செய்யும் வழியைத் தேடினேன். அரைமணி வேலையில் பழையபடி மாற்றிவிடலாம் என்றதும் “சரி, செஞ்சு பாரு” என்றார்.

செய்த வேலை

விட்டத்தில் 0.6 வித்தியாசம் என்றால் சுற்றி வைக்கும் ஷிம் 0.3 மி.மீ. தடிமன். எஸ்.ஜே.பி. ரோட்டில் பித்தளை ஷிம் தகடு வாங்கி வந்தோம். குழாயின் சுற்றளவு 88 மி.மீ. வருகிறது. கிளாம்பின் திருகு இறுகும் பக்கம் ஒரு சின்ன இடைவெளி விட்டு, விளிம்புகளின் பிசிறை நீக்கிப் பெரியவரே வெட்டிக் கொடுத்தார். நாற்பது வருஷம் லேத்தில் நின்ற கை, என் கையைவிட நூறு மடங்கு சுத்தம். கிளாம்ப் உட்காரும் இடத்தில் குழாயை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்தோம். ஷிம்மும் கிளாம்பும் இறுகியபின், முழு பலத்தோடு கீழே தள்ளியும் அசையவில்லை.

கீழே ஒரு முட்டு பற்றவைத்துவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். குழாயின் நடுப்பகுதியில் சுவர் மெல்லிசு, சூடு பட்டால் பெயின்ட் மட்டுமல்ல, எஃகின் பலமும் கெடும். சரியான ஷிம் இருந்தால் முட்டு தேவைப்படாது.

லீவர்களைப் பிரித்து வாஷர்களை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போடாமல் கோத்தோம். உராய்வில் நிற்க வேண்டிய பரப்பில் எண்ணெய் போட்டால் திருகை முறுக்கும் கதை மறுபடி தொடங்கும். செயின் 28 பல்லில் இருக்கும்போது ஸ்பிரிங்கின் இழுவையை லீவர் தாங்கி நிற்க வேண்டும், அதே நேரம் இரண்டு விரலால் நகர வேண்டும். அந்த இடத்தில் திருகை நிறுத்தினோம். கிளாம்ப் வழுக்காமல் நின்றதும், லீவர் எவ்வளவு லேசாக இருக்க முடியும் என்பது தெரிந்து பெரியவருக்கே ஆச்சரியம்.

இனி வயர். இடது லீவரிலிருந்து கிளம்பும் வயர் பின் டெரெய்லருக்கும், வலது லீவரின் வயர் முன் டெரெய்லருக்கும் போக வேண்டும். இந்த வண்டியில் வயர்கள் பி.பி. கூட்டுக்கு அடியில் உள்ள பள்ளங்கள் வழியே ஓடுவதால் வேலை எளிது. கீழ் பாருக்கு அடியில் இரண்டும் ஒரே ஒரு இடத்தில் குறுக்கே கடந்து, பக்கம் மாறிப் போய் உட்கார்ந்தன. கடக்கும் கோணம் மிகச் சிறியது, உரசல் கைக்குத் தெரியவில்லை. சத்தம் வராமல் இருக்க ஒரு வயரில் மெல்லிய பிளாஸ்டிக் குழல் கோத்தோம். லீவர் மேலே ஏறியதால் பழைய வயர் நீளம் போதவில்லை, 1.2 மி.மீ. கியர் வயர் இரண்டு புதிதாகப் போட்டோம். பின்னால் உள்ள அவுட்டர் துண்டையும் மாற்றினோம். பழையதன் உள்ளே துரு.

பக்கம் மாற்றும் இந்த வேலை உராய்வு லீவரில் மட்டும்தான் இவ்வளவு சுலபம். இரண்டு லீவரும் ஒரே மாதிரி, எந்த வயரைக் கொடுத்தாலும் இழுக்கும். கிளிக் வைத்த லீவர்களில் பின் கியருக்கான படிகள் வலது லீவருக்குள்ளேயே இருப்பதால் இப்படி மாற்ற முடியாது.

ஓட்டிப் பார்த்தபோது

முதலில் கொஞ்ச நாள் பழக்கம் இழுத்தது. பாலத்தில் எளிய கியர் தேடி வலது லீவரை இழுத்து, செயின் 52-க்கு ஏறி, “இதென்னடா” என்று நின்றிருக்கிறார். 40-க்கு 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 3 மீட்டர் போகும். அதே 28-ல் முன்னால் 52 ஆனால் சுமார் 3.9 மீட்டர். ஏற்றத்தில் அது அறுபது வயதுக் காலுக்கு நன்றாகவே தெரியும். ஹொசக்கோட்டை பக்கம் காலியான சாலையில் இடது கையை மட்டும் பழக்கச் சொன்னேன், பழகிவிட்டது.

மறுபடி அவர் பின்னால் ஓட்டிப் போனபோது பார்த்தேன். இடது கை இறங்கும்போது உடம்பு முன்பு போல முறுக்கவில்லை, தோள் வலி இல்லாத பக்கம் அது. கொஞ்சம் விலகினாலும் சாலை ஓரம் பார்த்தே விலகுகிறது. வலக்கை பிரேக் மேலேயே இருக்கிறது. தொங்கு பாலத்திலிருந்து இறங்கும்போது அவர் பின் கியரை மாற்றிக்கொண்டே முன் பிரேக்கை லேசாகப் பிடித்ததைப் பார்த்ததும், இந்த வேலை பலித்தது என்று நம்பிக்கை வந்தது.

கிளாம்பின் கீழ் விளிம்பை ஒட்டிக் குழாயில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். மழைக்காலம் முடிந்து பார்த்தபோதும் கிளாம்ப் அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்திருந்தது. முன் கியர் இப்போது வலக்கையில், அது தோளுக்குக் கொஞ்சம் சிரமம். அபூர்வமாகத்தான் தேவை என்பதால், பாலத்துக்கு முன்னால் சமதளத்திலேயே 40-க்கு மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். முன்னால் 46, 36 என்று சின்ன செயின் வீல்கள் கிடைத்தால் இந்தச் சாலைகளுக்கு முன் லீவரைத் தொடும் தேவை இன்னும் குறையும். இந்த வண்டியின் கிராங்குக்குப் பொருந்தும் போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் அளவு) கொண்ட செயின் வீலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.